குதிகால் பார்க்கிற குடும்பம்

எங்கள் அம்மா வீட்டுக்காரர்கள் பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குதிகாலைப் பார்ப்பார்கள். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். கட்டவில்லை. குதிகாலிலிருந்து ஆடுதசைக்கு ஏறுகிற நரம்பு எல்லோருக்கும் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி மெலிசாக இருக்கும். எங்கள் அம்மாவுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் அது கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே புளியங்கொட்டைகளை வைத்துத் தைத்தது போலக் கெட்டியாக இருக்கும். விரல் கணுக்களின் மேலும் அதே மாதிரிக் கட்டிகள் உண்டு. வலி கிடையாது. பிறக்கும்போது இருக்காது, பெரியவர்களாகி, கல்யாணப் பேச்சு எழுகிற வயதில் மெல்ல எழும்பும். "காலு எழும்பிட்டு" என்று சொல்லிக்கொள்வார்கள், வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது என்று சொல்வது போல.

கால் எழும்பியவர்கள் அசல் ரத்தம். எழும்பாதவர்களை யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்களைப் பெற்றவளைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நடக்கும். அம்மாவின் அப்பா மூட்டை சுமந்து பிழைத்தவர், பிறகு ரயிலேறி வந்து தாராவியில் கடை போட்டவர். அந்தக் காலின் பலத்தால்தான் குடும்பமே நின்றது என்று அம்மா சொல்வாள். அவர் நாற்பதைத் தாண்டாமல், தராசைப் பிடித்த கையோடு கடையிலேயே சாய்ந்துபோனார். அவருடைய தம்பி ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கப்போகும்போது விழுந்து போனார். இதையும் எங்கள் வீட்டில் பெருமையாகத்தான் சொன்னார்கள். படுக்கையில் கிடந்து சீரழியாத சாவு, கொடுத்துவைத்தவர்கள் என்று. இத்தனை பேர் இளம் வயதில் சாகிறார்களே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் அப்பா வேறு குடும்பம், சொந்தமே இல்லை. அவருக்கு மெலிந்த, சாதாரணமான கால். தாராவி மெயின் ரோட்டில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். மச்சினர்கள் கேலி செய்தால் சிரித்துக்கொண்டே, "எங்காலு நடக்கதுக்கு மட்டுந்தான்வே" என்று சொல்லிவிட்டு வெல்லத்தை நிறுக்கப் போய்விடுவார். அந்தக் குடும்பத்தில் அவர் கடைசிவரை விருந்தாளிதான்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கால் எழும்பியது. வாளியோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாள். அங்கேயே குனிந்து இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று. அம்மாவுக்கோ நான் பரீட்சையில் தேறியதைவிட இதில் சந்தோஷம். அந்த வாரமே செம்பூருக்குப் போய்த் தன் அண்ணனிடம், அதாவது என் பெரிய மாமாவிடம், பேசி முடித்துவிட்டு வந்தாள். பெரிய மாமாவின் மகனுக்கு நான். சின்ன வயதிலிருந்தே வாய்வார்த்தையாக இருந்ததுதான். கால் எழும்பியதும் உறுதியாயிற்று.

அத்தானை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை அந்தக் காலத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, இப்போது சொல்கிறேன். செம்பூர்ப் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் வேலை. பெரிய அழகு ஒன்றும் இல்லை, முன்பற்கள் சற்றே தூக்கல். ஆனால் என்னிடம் ஒன்று கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் செய்யாத காரியம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் கொடுத்த கனத்த பூட்ஸோடு வருவார். பூட்ஸைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, காலுறையோடு கோலி என்று சொல்கிற எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் வந்து தகரநாற்காலியில் உட்காருவார். மே மாத வெயிலிலும் அந்தக் காலுறையைக் கழற்றமாட்டார். வேலைக்குப் போகிற ஆம்பிளை, பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

என் அக்கா எனக்கு முன்னமே சின்ன மாமாவைக் கட்டிக்கொண்டவள். அம்மாவின் கடைசித் தம்பி அவர். தாய்மாமனுக்குத்தான் எங்களில் முதல் உரிமை, யாரும் இரண்டு தரம் யோசிக்க மாட்டார்கள். அக்காவுக்கும் கால் எழும்பியிருந்தது, மாமாவுக்கும் எழும்பியிருந்தது. இருவரும் திலக் நகரில் இருந்தார்கள், மாமா ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வருவதற்குள்ளேயே எல்லாம் எழும்பிவிட்டது.

குதிகாலில் மட்டும் இல்லை. முழங்கால், முழங்கை, உட்காருகிற இடம், விரல் இடுக்கு என்று எங்கும் மஞ்சள் நிறத்தில் மெழுகை உருக்கி ஊற்றியது போலக் கட்டிகள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பக்கமும் நம்ம ரத்தம்லா, அதான் பிள்ளைக்கு இப்பமே வந்துட்டு" என்று குழாயடியில் சொன்னாள். வந்தவர் போனவருக்கெல்லாம் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டச் சொல்வாள். பிள்ளையும் பெருமையாகக் காட்டும். அதற்கு நான் என்றால் உயிர். நான் எங்கே போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, சித்தி" என்று வரும்.

ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு குர்லாவில் ரயில் மாறினேன். மேம்பாலத்துப் படிகளில் பாதி ஏறியதும் பிள்ளை நின்றுவிட்டது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. முதலில் அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்து, இடது கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை.

"சித்தி, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்காவ" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை சொல்கிற சொல்லா அது? அவளுக்குப் பக்கத்தில் நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது, பிள்ளை எழுந்து, தூசி ஒட்டிய பாவாடையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நிலக்கடலை கேட்டது. நான் வாங்கிக் கொடுக்கவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா கண்ணேறு கழிக்க மிளகாய் எடுத்தாள். மிளகாயைப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். அம்மாவை எதிர்த்து நான் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குப் பக்கம். அங்கே பிள்ளையைப் பார்த்த டாக்டர் மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். பிள்ளையின் முழங்காலைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார். வெளியே போய் இன்னும் சில டாக்டர்களைக் கூட்டி வந்தார். படிக்கிற பையன்களும் பெண்களும் வந்து கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். பிள்ளை வழக்கம் போலப் பெருமையாகப் பாவாடையைத் தூக்கிக் காட்டியது. என் அம்மா சிரித்த முகத்தோடு, எல்லோரையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இத்தனை படித்தவர்கள் வந்து தன் வீட்டு ரத்தத்தைப் பார்த்துப் போகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. 

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்றைக்கு வீட்டிலிருந்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். செம்பூரிலிருந்து பெரிய மாமாவும் வந்தார், அத்தானும் அவரைப் பெற்ற அத்தையும் வரவில்லை. ஆஸ்பத்திரி நடையில் ஒரு நீள பெஞ்சு. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னார் டாக்டர். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றோம், பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்தது போல. அம்மா, பெரிய மாமா, சின்ன மாமா, அக்கா, நான். டாக்டர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குதிகாலாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதைப் பிடித்தபோது அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன.

"உங்களுக்குள்ளேயே கல்யாணம் பண்ணிப்பேளா?" என்று கேட்டார்.

"வெளிய போகவே மாட்டோம், டாக்டர்" என்றாள் அம்மா, வெளியிலிருந்து வந்த அப்பாவை மறந்துவிட்டு.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தத்தில் ஒரு விதமான கொழுப்பு எல்லோருக்கும் உண்டு, கொலஸ்டிரால் என்று பெயர். அதைக் கரைத்து வெளியே தள்ளுகிற வேலை உடம்புக்குள் நடக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலையைச் செய்கிற ஏதோ ஒன்று பிறவியிலேயே குறை. அது என்ன என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தள்ளப்படாத கொழுப்புதான் நரம்பில் வந்து படிந்து கட்டியாகிறது. வெளியே படிவது போலவே உள்ளே இதயத்துக்குப் போகிற குழாய்களிலும் படிகிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் மட்டும் கொடுத்தால் எங்களைப் போல நடமாடலாம், என்றைக்காவது ஒரு நாள் சட்டென்று சாயலாம். இருவருமே கொடுத்துவிட்டால் இந்தப் பிள்ளையைப் போல.

"இது பலமில்லை, வியாதி" என்றார்.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. சின்ன மாமா மட்டும், மருந்து உண்டா என்று கேட்டார். முட்டை, ஈரல், நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும், கொஞ்சம் மாத்திரை தருகிறேன், அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அக்கா சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அவள் பாயைத் தனியாகப் போட்டாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் என்னை நிறுத்தி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன் மவனுக்குத்தான் பேசியிருக்கு."

"அவனுக்கும் இதே மாதிரிக் காலா?"

"ஆமா, அவனுக்கும் எழும்பிட்டுன்னு மதினியே சொன்னா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அம்மாவுக்கு உறைத்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பையனோட ரத்தத்தைப் பாக்காம நாள் குறிக்காதீங்கோ. அவனுக்கு இல்லேன்னா ஒண்ணும் தோஷமில்லை. இருந்துதுன்னா வேண்டாம்மா."

பிறகு தனியாக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் கடைசியாக வெளியே வரும்போது, அவள் தூங்குகிறாள் என்று உறுதி செய்துகொண்டு, அவளுக்கு எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் என்னிடம் சொன்னார். பெற்றவர்களிடம் இப்போது சொல்லவேண்டாம், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும் என்றார். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியவில்லை. மிளகாயைப் பிடுங்கிப் போட்டவள் என்று முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் பிள்ளை அதன் பிறகு எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குத் தேங்காய் போடாத குழம்பு வைத்து, மராத்திக்காரர்கள் வீட்டில் வாங்குகிற கர்டி என்கிற குசும்பா விதை எண்ணெயில் தாளித்துக் கொடுப்பது என் வேலை. அடுப்பில் கரண்டி கிண்டிக்கொண்டே இருக்கும், என் புத்தி முழுக்கச் செம்பூரில் ஒரு காலுறைக்குள் இருக்கும்.

அத்தானுக்கு இருக்கிறதா, இல்லையா? அத்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. என் அம்மா பார்க்கவில்லை. அப்பா பார்க்கவில்லை. பெரிய மாமா அத்தை சொன்னதற்குத் தலையாட்டியதோடு சரி. எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காலுறை இறங்கியதில்லை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். இருந்தால் அவரை நான் கட்டிக்கொள்ள முடியாது. குர்லா படியில் இன்னொரு பிள்ளையை உட்காரவைக்க என்னால் முடியாது. இல்லாமல் இருக்கவேண்டும். சாமியிடம் வேறு எதுவும் நான் அப்போது கேட்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். அடிக்கிறது என்றால் அடுத்த பயம், எனக்கும் தாத்தாவைப் போல வந்துவிட்டதோ என்று. இரண்டு பயத்துக்கும் நடுவில் சோறு இறங்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அத்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னது அவருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்க வருகிறீர்களா என்று அப்பா கேட்டதற்கு, ஷிப்ட் மாறட்டும், பார்க்கலாம் என்று இழுத்தார். நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில், தரையைக் கூட்டுகிற சாக்கில், கீழே விழாத ஊசியைத் தேடுகிற சாக்கில் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலுறை கனத்த கம்பளிநூல். உள்ளே புடைப்பு இருக்கிறதா, சுருக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் பக்கத்துக் கோலிப் பெண், நான் தலை நிமிராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமான பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று. அடக்கம்! சந்தர்ப்பம் கிடைத்தால் அந்தக் காலுறையைக் கத்தரிக்கோலால் வெட்டியிருப்பேன்.

ரத்தம் கொடுக்கும் பேச்சை எடுத்தாலே செம்பூரிலிருந்து சாக்குப்போக்கு வந்தது. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை அவள் வீட்டில் ஒரு நாள் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, திலக் நகரில் அவளை இறக்கிவிட்டு, அங்கிருந்து அத்தை வீட்டுக்குத் தனியாகப் போனேன். கல்யாணம் பேசிய பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போவது எங்களில் கேள்விப்படாத காரியம். மத்தியான நேரம், மாமாவும் அத்தானும் வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தை அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளும் என் அப்பாவைப் போல வெளியிலிருந்து வந்தவள், சொந்தம் இல்லை. வந்த நாளிலிருந்து நாத்தனாரான என் அம்மாவின் வாய்க்கு அவள்தான் அவல். அத்தானுக்குப் பதினைந்து, பதினாறு வயதானபோது அம்மா அவருடைய காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எழும்பக் காணுமே" என்று எல்லோர் முன்னாலும் இழுத்திருக்கிறாள். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அத்தான் காலுறை போட ஆரம்பித்தார், அதற்கப்புறம்தான் அத்தை, எழும்பிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள். இந்த இரண்டையும் நான் அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் சேர்த்துப் பார்த்தேன்.

உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தை, அத்தானுக்குக் காலு எழும்பலதான?"

வெண்டைக்காய் நறுக்குவது நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது. என் அம்மா அனுப்பி வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் அவசர அவசரமாகச் சொன்னேன். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எழும்புவதுதான் வியாதி, எழும்பாததுதான் நல்ல உடம்பு, பெற்றவளைப் பற்றி இத்தனை வருஷம் பேசியதெல்லாம் பேத்தல், உங்கள் மகனுக்கு எழும்பவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான் என்றேன். என் சேலையைத் தூக்கி என் குதிகாலைக் காட்டி, "இதுதான் நோவு அத்தை, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றுகூடச் சொன்னேன்.

அத்தை நன்றாகத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நானும் சேர்ந்து அழுதேன். இருவரும் ஒரே விஷயத்துக்காக அழுகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். அந்த வாரமே மகனை ரத்தம் கொடுக்க அனுப்புகிறேன் என்று கையில் அடித்துச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்கப்புறம் பசித்தது.

சொன்னபடியே அத்தான் போய் ரத்தம் கொடுத்தார். முடிவு வருகிற வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கண்ணால் பார்க்காதது எப்படி இருக்குமோ என்று ஒரு பயம். கால் எழும்பாமலே ரத்தத்தில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது இன்னொரு பயம். பாத்திரம் விழுந்தால் திடுக்கிட்டேன். பிள்ளையை அதட்டினேன், பிறகு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் அத்தான் வந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கூட்டமான சந்து, எதிரே கைவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு அவர் சுவரோரமாகத் திரும்பி நின்றார். செருப்புப் போட்டிருந்தார், காலுறை இல்லை. குதிகால் மேலே அந்த நரம்பு எல்லோருக்கும் இருப்பது போல, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி மெலிசாக இருந்தது. முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எங்கள் அம்மா வீட்டு வழியில் அவ்வளவு அழகான காலை நான் பார்த்ததே இல்லை.

"ரத்தமும் பாத்துட்டாவ. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் சிரித்தேன். வாய்விட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி. அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்தார், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா அறைக்கோடியில் தட்டி மறைத்த அடுப்படியில் இருந்தாள். பிள்ளை பாயில் உட்கார்ந்து சிலேட்டில் எதையோ அழித்துக்கொண்டிருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா வேற எடத்துல பாக்காவ."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. தன் மகன் உடம்பு சுத்தம், இத்தனை வருஷம் தன்னைத் தலைகுனிய வைத்த குடும்பத்திலிருந்து நோவுக்காரப் பெண்ணை எதற்கு எடுக்கவேண்டும் என்று அத்தை கேட்கிறாள். என் குதிகாலைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். மாமாவும் தடுக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

அவர் வழக்கம் போல அவசரப்படவில்லை. "எனக்கும் பயமா இருக்கு" என்றார்.

"நம்ம பிள்ளைக்கு இப்படி வராது, அத்தான். டாக்டரே சொன்னாரு."

"இப்படி வராது, தெரியும். நானும் கேட்டேன். பாதிக்குப் பாதி ஒன்ன மாரி வரும்லா."

திட்டுவதற்கு என்னிடம் வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. நானும் அதே பயத்தில்தான் இத்தனை நாளும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். இல்லை என்பதால் அவர் வேண்டாம் என்கிறார். எப்படிப் பார்த்தாலும் எனக்கு இல்லை. ஆனால் நோவு தெரிந்த பிறகும் என்னைக் கேட்டு வருவார் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்ததுதான் எனக்கு வலித்தது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்து போனார்.

அம்மா சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அத்தையைத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள், உட்காரும்போது சேலையை இழுத்துத் தன் கால்கள் இரண்டையும் மூடிக்கொண்டாள். அவள் அப்படி மூடி நான் பார்த்ததில்லை. அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பிள்ளை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். அவளுக்கு அத்தான் அண்ணன் முறை.

"சித்தி, அண்ணன் ஒன்னக் கட்டிக்கிட மாட்டாவளா?"

"மாட்டாவ."

அவள் அதை யோசித்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப நீ செம்பூருக்குப் போமாட்டியா? எங்கூடயே இருப்பியா? எப்பவும்?"

"எப்பவும்" என்றேன்.

எப்பவும் என்பது எவ்வளவு காலம் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அது தெரிந்த துணிச்சலில்தான் அப்படிச் சொன்னேன். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். அதைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்ததே என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.